சதுக்கத்தைச் சுற்றிப் போனவள்

மிரெல்லா அன்று காலையிலிருந்து தன் கைப்பையைத் திறக்கவே இல்லை. கைக்குட்டை வேண்டியிருந்தபோதுகூட மூக்கை உறிஞ்சிக்கொண்டாளே தவிர, அதைத் திறக்கவில்லை. உள்ளே நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. அதைப் பல்கலைக்கழக அலுவலகத்தில் கொடுக்க அன்று பன்னிரண்டரை மணிதான் கடைசி. அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்காக மூடிவிடுவார்கள்.

கணவன் எலியோவிடம் கிறிஸ்துமஸ் விருந்துக்கு இறைச்சி பொதிந்த தொர்தெல்லினிக் கொழுக்கட்டை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பாதி உண்மைதான். மிலானிலிருந்து தோழி டொனாட்டா வருகிறாள் என்பதும் உண்மை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு டொனாட்டா ரயிலில் வந்து இறங்குவாள், இருவரும் பொலோனியா முழுக்க நடப்பார்கள், மாலை ரயிலில் அவள் திரும்பிவிடுவாள். மாணவிகளாக இருந்த காலத்தில் தொடங்கிய வழக்கம். ஒருத்திக்குப் பேறுகாலம் என்று ஒரு வருடம்தான் விட்டுப்போயிருந்தது.

"தொர்தெல்லினிய கடையில வாங்கப் போறியா?" டொனாட்டா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா கல்லறையில இருந்து எந்திரிச்சு வந்து உருட்டுக்கட்டையாலயே போடுவாங்க."

"பட்டன் கடைய நாள் பூரா பாத்துட்டு, வீட்டுக்குப் போய் மாவு பிசையச் சொல்றியா? நீ வந்து பிசைஞ்சு குடேன்."

"நான் மிலான்காரி ஆயிட்டேன்டி. எங்களுக்குச் சமைக்கத் தெரியாது, குறை சொல்ல மட்டும்தான் தெரியும்."

பனி விடியலிலிருந்தே பெய்துகொண்டிருந்தது. இருவரிடமும் குடை இல்லை. இந்த ஊரில் யார் குடை எடுத்துப் போவார்கள்? தலைக்கு மேல் வளைவுகளும் பக்கத்தில் தூண்களுமாக நடைபாதை நீண்டுகொண்டே போகும். ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு மாறும்போது மட்டும் தோளில் கொஞ்சம் பனி விழும், அவ்வளவுதான்.

பியெல்லா தெருவின் சின்ன ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். கீழே கால்வாய் கறுத்துக் கிடந்தது. விழுகிற பனியை ஓசையில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தது.

"உன் சலவைப் பொம்பளைங்க எல்லாம் எப்படி இருக்காங்க?" என்றாள் டொனாட்டா.

இதுவும் வருடா வருடம் கேட்பதுதான். இந்தக் கால்வாயில் துணி துவைத்துப் பிழைத்த பெண்களைப் பற்றித்தான் மிரெல்லா தன் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதத் தொடங்கினாள். இரண்டு அத்தியாயம் முடிந்திருந்தது. இன்னும் இரண்டு பாக்கி. இருபத்தைந்து வருடமாகப் பாக்கி.

"இன்னும் துவைச்சுட்டுத்தான் இருக்காங்க," என்றாள் மிரெல்லா. எப்போதும் சொல்கிற அதே பதில். ஆனால் இன்று அதைச் சொல்லும்போது கைப்பையை அக்குளில் இறுக்கிக்கொண்டாள்.

அங்கிருந்து பல்கலைக்கழகத் தெரு கிழக்கே பத்து நிமிட நடைதான். மிரெல்லா மேற்கே திரும்பினாள். மீன் கடைகளைப் பார்க்கலாம் என்றாள், பிறகு அஸெல்யோ தெருவின் விளக்கலங்காரத்தைப் பார்க்கலாம் என்றாள். தன் கால்கள் எதிலிருந்து விலகிப் போகின்றன என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பல்வலிக்காரி மருத்துவர் வீட்டு வாசல் வரை வந்து, வலி போய்விட்டதாகச் சொல்லித் திரும்புவதுபோல. அவளுக்குத் தன் மேலேயே சிரிப்பு வந்தது. வயது நாற்பத்தெட்டு. தலை பாதி நரைத்தாயிற்று.

அஸெல்யோ தெருவின் ஒரு காப்பிக் கடையில் சூடான சாக்லேட் சொல்லி உட்கார்ந்தார்கள். டொனாட்டாவின் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து வெளுத்துவிட்டது.

"துடைக்க ஏதாவது குடுடி, ஒண்ணும் தெரியல," என்று சொல்லிக்கொண்டே, நாற்பது வயதுக்கு மேலும் மாறாத பழக்கத்தில், மிரெல்லாவின் பையைத் தானே திறந்தாள். கைக்குட்டையோடு தாளும் வந்தது. கண்ணாடியைத் துடைத்தாள், மாட்டினாள், தாளைப் பிரித்துப் படித்தாள்.

"மறுபடியும் சேர்றதுக்கு விண்ணப்பம்," என்றாள் மெதுவாக. "பழைய தேர்வெல்லாம் செல்லுமாம். கையெழுத்துகூடப் போட்டிருக்க. கடைசித் தேதி..." நிமிர்ந்தாள். "இன்னைக்கு! காலையில இருந்து இதை வச்சுக்கிட்டா எனக்கு மீன் காட்டிட்டு இருந்த?"

"கத்தாத. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்! ஏன்டி குடுக்கல?"

மிரெல்லா கரண்டியால் சாக்லேட்டைக் கிளறினாள். "அது நமக்கு விதிக்கலன்னு அன்னைக்கே முடிவாயிடுச்சு. எண்பத்தஞ்சுல அந்தப் பெரும்பனியில சதுக்கத்தை மூலைக்கு மூலை குறுக்க ஓடினோமே, ஞாபகம் இருக்கா?"

டொனாட்டாவுக்கு எப்படி மறக்கும்? மயோரே சதுக்கத்தின் நடுவே ஒரு சாண் உயரக் கல்மேடை. பட்டம் வாங்கும் முன்னே அதை மூலைக்கு மூலை கடக்கிற மாணவன் பட்டமே வாங்க மாட்டான் என்பது ஊரறிந்த நம்பிக்கை. பகுத்தறிவு பேசுகிற பேராசிரியர்களின் பிள்ளைகள்கூட ஓரமாகத்தான் போவார்கள். அந்த ஜனவரியில் பனி இடுப்பளவு குவிந்து மேடையின் விளிம்பே தெரியவில்லை. இருவரும் கைகோத்துக்கொண்டு, விழுந்து எழுந்து, சிரித்துக்கொண்டே ஓடினார்கள். எதிர் மூலைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோதுதான் தங்கள் காலடித் தடம் ஒரே சாய்கோடாகக் கிடப்பது தெரிந்தது. பத்தாம் நாள் மிரெல்லாவின் அப்பாவுக்குப் பக்கவாதம். அவருடைய பட்டன் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது.

"நானும்தான் ஓடினேன்," என்றாள் டொனாட்டா. "நான் பட்டம் வாங்கலையா?"

"உனக்கு எப்பவும் அதிர்ஷ்டம்."

"அதிர்ஷ்டமாவது ஒண்ணாவது! உன் தம்பி சாண்ட்ரோ, கடைய நான் பாத்துக்குறேன், அக்கா படிப்பை முடிக்கட்டும்னு சொன்னான். உங்க வீட்டு அடுப்படியிலதான் நானும் உக்காந்திருந்தேன். வேண்டாம்னு சொன்னது நீ."

மிரெல்லா கோப்பையைக் கீழே வைத்தாள். வெளியே கண்ணாடிக்கு அப்பால் ஒரு கிழவர் தன் நாயின் முதுகிலிருந்து பனியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அவரையே பார்த்தபடி பேசினாள். டொனாட்டாவைப் பார்த்தால் பேச முடிந்திருக்காது.

"மூணாவது அத்தியாயம் வரவே இல்லடி. நாலு மாசமா வெறும் தாளைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். அப்பா விழுந்துட்டாருன்னு தொலைபேசி வந்தப்போ பயந்தேன், அழுதேன். ஆனா அதுக்கும் அடியில... அப்பாடான்னு இருந்துச்சு. இனிமே எழுத வேண்டாமே. யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்களே. அப்பா அங்க வாய் கோணிக் கிடக்குறாரு, எனக்கு நிம்மதி." கரண்டியை எடுத்தாள், மறுபடி வைத்தாள். "இதை யார்கிட்ட சொல்லுவேன்? பனி மேல பழியைப் போட்டுட்டேன்."

டொனாட்டா மிரெல்லாவின் மேலுதட்டில் ஒட்டியிருந்த சாக்லேட்டைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டாள்.

"இருபத்து மூணு வயசுக் குட்டி பயந்துபோச்சு. அதுக்கு இத்தனை வருஷம் தண்டனையா?" என்றாள். "இப்பவும் பயமா இருக்கா?"

"இருக்கு. காலையில இருந்து அந்தப் பையைத் திறக்கவே இல்ல."

"நல்லது. அப்போ இன்னும் ஆசை இருக்கு. எந்திரி. மணி பன்னிரண்டு ஏழு."

அதற்குப் பிறகு நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. டொனாட்டா சால்வை பறக்க முன்னால் ஓடினாள். பின்னால் மிரெல்லா, பையை மார்போடு அணைத்தபடி. தெரு முடிந்து சதுக்கம் திறந்தது.

வெள்ளை. அன்றைப் போலவே மேடையின் விளிம்பு தெரியவில்லை. பெரிய கோயிலின் பாதிப் பளிங்கு, பாதிச் செங்கல் முகப்பு பனித்திரைக்குப் பின்னால் மங்கலாக நின்றது. இவர்கள் நின்றது ஒரு மூலை. பல்கலைக்கழகத்துக்குப் போகிற தெரு நேர் எதிர் மூலையிலிருந்து தொடங்கியது. குறுக்கே போனால் ஒரு நிமிடம்.

"வா!" டொனாட்டா கையைப் பிடித்து இழுத்தாள்.

மிரெல்லாவின் கால் நின்றுவிட்டது. அவளே எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருடம் இந்தச் சதுக்கத்தை அவள் எத்தனை முறை கடந்திருப்பாள்! கடைக்கு, வங்கிக்கு, பிள்ளையின் பள்ளிக்கு. ஒரு முறைகூடக் குறுக்கே போனதில்லை. பட்டம் வேண்டாம் என்று விட்டவளுக்கு ஓரமாகப் போக என்ன அவசியம்? இதுவரை இந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"நீ போ," என்றாள். "நீ பட்டம் வாங்கினவ. நான் சுத்தி வரேன்."

"பைத்தியமா உனக்கு? மணியைப் பாரு!"

"நான் இன்னும் மாணவிடி! குறுக்க போகக் கூடாது!"

டொனாட்டா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே பனிக்குள் இறங்கித் தனியாகக் குறுக்கே ஓடினாள். மிரெல்லா கோயில் படிகளை ஒட்டி ஓடினாள், வழுக்கினாள், யாரோ ஒருவரின் கையைப் பற்றி நிமிர்ந்தாள், "மன்னிச்சுக்குங்க" என்று கத்திக்கொண்டே தூண்களுக்குள் நுழைந்தாள். ஒவ்வொரு தூண் இடைவெளியிலும் வெள்ளைவெளிக்கு நடுவே டொனாட்டாவின் சிவப்புச் சால்வை தெரிந்தது. மூச்சு வாங்கியது. மூன்றாம் அத்தியாயத்தின் முதல் வாக்கியம் அவளுக்கு இன்னும் தெரியாது. எழுத முடியுமா என்பதும் தெரியாது.

அலுவலகத்தில் ஒரே ஒரு ஜன்னல்தான் திறந்திருந்தது. ஊழியர் கோட்டை மாட்டிக்கொண்டு, கழுத்துத் துண்டை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு இருபத்தெட்டு.

"கடைசி நிமிஷத்துலயா வர்றது, அம்மா?" என்றார்.

"தப்புதான்," என்றாள் மிரெல்லா மூச்சிரைக்க. "சதுக்கத்தைச் சுத்திக்கிட்டு வந்தேன்."

அவர் தாளை வாங்கினார், ஓரத்தில் பிறந்த வருடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார்.

"சரியாத்தான் செஞ்சிருக்கீங்க," என்றார்.