ஏழாவது பெஞ்சில் விழுந்த நீலம்

கிள்ளானில் எங்கள் மாதா கோயிலில் யாருக்கு எந்தப் பெஞ்சு என்பது எழுதாத சட்டம். மூன்றாவது எனக்கும் என் கணவர் ஹென்றிக்கும். ஏழாவது அவருடைய தங்கை மகதலேனாவுக்கு. கோவிட் காலத்தில் ஹென்றி இறந்துபோன பிறகு நானும் அவளும் பேசிக்கொள்வதில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாக முகம் பார்க்க நான் மட்டும்தான் போனேன். பெண்டாட்டி போகாமல் வேறு யார் போவது?

அவர் நினைவாகக் கிழக்குச் சுவரில் வண்ணக்கண்ணாடி ஜன்னல் வைக்க ஃபாதர் சம்மதித்தார். கண்ணாடி வேலை செய்யும் பேசிலை டிசம்பரில் ஒரு ஞாயிறு கூட்டிவந்து, எட்டரை மணித் தமிழ்ப் பூசையில் வெயில் நேராக என் மடியில் விழும் ஜன்னலைக் காட்டினேன். அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். புனிதர் படமெல்லாம் வேண்டாம் என்றும் சொன்னேன். போர்ட் கிள்ளானில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவருக்கு, மேலேயிருந்து அவர் பார்த்த கடலின் நீலம் போதும்.

ஜூனில் ஜன்னல் வந்தது. அதை ஆசீர்வதிக்கும் மந்திரிப்புப் பூசைக்குப் புதுச்சேலை கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். எட்டரை ஆயிற்று. மடியில் ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தேன். நீலம் முழுவதும் மகதலேனாவின் மடியில் கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் நின்ற பேசிலிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நீங்க காட்டினது டிசம்பர் லா, ஆன்டி. இப்ப சூரியன் வடக்கால தள்ளி நிக்குது, வெளிச்சம் பின்னால போயிருச்சு. வருஷக் கடைசியில உங்ககிட்டயே வந்துரும்."

அதுவரை அவளிடமா? மறுபடி திரும்பினேன். மகதலேனா இரண்டு கைகளையும் அந்த நீலத்தில் விரித்து வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் என் கோபம் அப்படியே நின்றிருக்கும்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னிடம், பார்க்க வேண்டியவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். கீழே கார் நிறுத்துமிடத்தில் மகதலேனா நிற்பது எனக்குத் தெரியும். யாருமில்லை என்றேன்.

நற்கருணைப் பாட்டு தொடங்கியதும் எழுந்து ஏழாவது பெஞ்சுக்குப் போனேன். அவள் கைப்பையை எடுத்து இடம் விட்டாள்.

"அன்னைக்கு நர்ஸ் வேற யாராச்சும் பார்க்கணுமான்னு கேட்டா. நான்தான் யாருமில்லைன்னுட்டேன்," என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.

"முகம் எப்படி இருந்துச்சு, அண்ணி?"

எல்லோரும் நற்கருணைக்கு வரிசையில் போனார்கள். நாங்கள் போகவில்லை. அவர் முகத்தில் வளர்ந்திருந்த இரண்டு நாள் தாடியிலிருந்து, ஒன்றுவிடாமல் அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.