ஃப்ரேஹாவின் ஜன்னல் வழக்கு

பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு ஆறு வருஷம் முன்பு, செஃப்ரூ என்ற எங்கள் ஊரின் யூதத் தெருவில் ஃப்ரேஹா எதைப் பார்த்தாளோ அது தேய்ந்தது. விதவையான அவள் மாடி அறையில் உட்கார்ந்து, அங்கிகளுக்குப் பட்டு நூலில் பொத்தான் முடிந்து பிழைத்தாள். அறை இருட்டு என்பதால் சுவரை இடித்து ஒரு ஜன்னல் வைத்தாள். அது கழுதைச் சேணம் தைக்கும் யெஷுவாவின் முற்றத்துக்கு நேர் மேலே அமைந்தது. பொத்தானுக்கும் பொத்தானுக்கும் நடுவே கண்ணுக்கு ஓய்வு வேண்டுமே, கீழே பார்ப்பாள். ஒரே மாதத்தில் கொடியில் காய்ந்த போர்வை சல்லடையானது, ஓய்வுநாளுக்கு அடுப்பேற்றிய கொண்டைக்கடலைக் குழம்பு கால் சட்டி குறைந்தது, யெஷுவாவின் தாடி ஜன்னல் பக்கம் மட்டும் உதிர்ந்தது. இதைக் கண்ணேறு என்று நினைத்துவிட வேண்டாம். கண்ணேறுக்கு எங்களிடம் தாயத்து உண்டு. இதற்குச் சட்டம் இருந்தது. அடுத்தவன் முற்றத்தைப் பார்ப்பதும் அவனுக்குச் செய்யும் சேதமே என்று முன்னோர்கள் எழுதிவைத்திருந்தார்கள். அவர்கள் சொன்னது மானக்கேட்டைப் பற்றி. ஃப்ரேஹாவின் கண் அதைக் கொஞ்சம் மிஞ்சிவிட்டது.

வழக்கு, எங்கள் மதகுருவும் நீதிபதியுமான ரப்பி ஷ்மாயாவிடம் போனது. ஒருவர் இல்லாதபோது மற்றவர் பேச்சைக் கேட்கக் கூடாது என்பதில் அவர் கறார். யெஷுவா முந்திக்கொண்டு வந்து நின்றதால், ஃப்ரேஹா வரும்வரை காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என் மூஞ்சியப் பாருங்க ரப்பி. ஒரு பக்கம் மாப்பிள்ளை, ஒரு பக்கம் மாமனார்."

"உன் தாடிய எவ பாத்தா? நான் பாத்தது சட்டிய. மூடி வச்சிருந்தா பாத்திருப்பேனா?" என்ற ஃப்ரேஹா, ரப்பியிடம் திரும்பினாள். "வெளிச்சம் போச்சுன்னா பொத்தான் போச்சு ரப்பி. அப்புறம் நான் தெருவுல கையேந்தணும்."

ரப்பி முற்றத்தில் ஒரு முலாம்பழத்தை வைத்து அவளைப் பார்க்கச் சொன்னார். அரை மணியில் விதை தெரிந்தது. சமரசத்துக்குச் சம்மதமா என்று முதலில் கேட்பது முறை, கேட்டார். யெஷுவா மாட்டேன் என்றான். ஏழை என்பதற்காகத் தீர்ப்பை வளைக்கக் கூடாது என்பதும் எங்கள் சட்டம். ஜன்னலை அடைக்கச் சொல்லிவிட்டு, தன் வீட்டில் விளக்கெரிக்கும் எண்ணெயில் பாதியை அவளுக்கு அனுப்பிவைத்தார். தீர்ப்பு சரிதான். ஆனாலும் இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனசு ஒப்பவில்லை.

ஜன்னல் அடைபட்ட மூன்றாம் வாரம் யெஷுவா மங்கத் தொடங்கினான். மனைவி அவனை நிமிர்ந்து பார்த்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. வாடிக்கைக்காரர்கள் சேணத்தைப் பார்த்தார்கள். ஊரில் அவன்மேல் விழுந்துகொண்டிருந்த ஒரே பார்வை எது என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. முதலில் கை கண்ணுக்குத் தெரியாமல் போனது, பிறகு தோள். கூட்டு ஜெபத்துக்கு வேண்டிய பத்து ஆண்கள் சேர்ந்தார்களா என்று பார்த்த அன்று விஷயம் வெளிப்பட்டது. நாங்கள் தலைகளை எண்ணுவதில்லை. பத்துச் சொல் உள்ள ஒரு வேதவரியை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போவோம். அன்று பத்தாவது சொல் ஆளில்லாமல் நின்றது.

"நான் இங்கதான்யா நிக்கிறேன்" என்றான் யெஷுவா.

"குரலைச் சேத்துக்க முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டு, பத்தாவது ஆளைத் தேடித் தெருவுக்குப் போனார்கள்.

ரப்பி நூல்களைப் புரட்டினார். பார்த்தால் சேதம் என்று இருந்தது. பார்க்காவிட்டால் சேதம் என்று எங்கும் இல்லை. "சட்டத்துல வழியில்ல. அவகிட்டயே போய்க் கேளு" என்று குரல் வந்த திசையைப் பார்த்துச் சொன்னார்.

ஃப்ரேஹா விளக்கடியில் நூலைத் தடவிக்கொண்டிருந்தாள். கதவு தானாகத் திறந்ததற்கு அவள் ஆச்சரியப்படவில்லை.

"யாரு, சேணமா?"

"நான்தான் ஃப்ரேஹாக்கா. ஜன்னலை என் கையாலயே திறந்துடறேன்."

"மிச்சத் தாடியும் போயிடுமே?"

"போகட்டும்க்கா. ஆளு இருந்தாத்தானே தேய முடியும்?"

செங்கற்களை அவனே பெயர்த்தான். ரப்பி உடன்படிக்கை எழுதினார்: தினமும் ஒரு பொத்தான் முடியும் நேரம் ஃப்ரேஹா யெஷுவாவைப் பார்க்க வேண்டும், கூடினாலும் சேதம், குறைந்தாலும் சேதம். ஓய்வுநாளில் முடிச்சுப் போடக் கூடாது, ஆகையால் அன்று உத்தேசமாக. இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு அவள் வீடு கைமாறியபோது, பத்திரத்தில் படிக்கட்டு, கதவு, நீர்த்தொட்டி, கீழ்முற்றத்தின் மேல் பார்வை ஒன்று என்று எழுதினார்கள். வாங்கியவன் அதையும் ஒப்புக்கொண்டான். கையெழுத்துப் போட்டுவிட்டு மாடியேறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே, அந்த முற்றத்துக்கு இப்போது உரியவனான யெஷுவாவின் மருமகன் வந்து நிற்கும்வரை காத்திருந்தான்.