நாற்றம் அடங்கும்வரை

1

பூமாலை தொட்டிக்குள் இறங்கி பதினொரு நாளும் நான்கு மணி நேரமும் ஆகின்றன. அவர் ஏறி வரவில்லை.

இது கதையாகத் தொடங்கியதல்ல. பெரம்பலூர் பக்கம் ஒரு மக்காச்சோள ஸ்டார்ச் ஆலையில், பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். படித்தது வேதியியல். கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் வைக்கும் போர்டுக்காக, நச்சு வாயு பற்றிய சொற்களை எளிய தமிழில் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார்கள். அந்த நோட்டின் பின்பக்கங்களில்தான் இதை எழுதுகிறேன்.

(என்னைப் பற்றி ஒன்று: யார் கேள்வி கேட்டாலும் முதலில் தலையாட்டிவிடுவேன். இன்டர்வியூவிலும் அப்படித்தான். வேலை கிடைத்தது.)

2

முதல் தொடக்கம்: "பூமாலை துணிச்சலான ஆள்." அடித்துவிட்டேன். துணிச்சல் என்றால் தவறு அவர் பக்கம் சாய்கிறது.

இரண்டாவது: "பூமாலை எதுவும் அறியாத..." இதையும். பத்தொன்பது வருடம் அந்தத் தொட்டியைச் சுத்தம் செய்தவர்.

மூன்றாவது, நோட்டின் முன்பக்கத்திலிருந்து:

எட்டு மணி நேர வரம்பு: ஒரு ஷிப்ட் முழுக்கச் சராசரியாக இதற்கு மேல் சுவாசிக்கக் கூடாது.
பதினைந்து நிமிட வரம்பு: கொஞ்ச நேரம் என்றாலும் இதைத் தாண்டக் கூடாது.
உயிருக்கு உடனடி ஆபத்து: அங்கே நிற்கவே கூடாது.

(வரையறை எழுத வருகிறது. ஆளை எழுத வரவில்லை.)

3

அன்று காலை, போர்டு வைக்க இடம் அளக்கப் போனேன். வாயு அளக்கும் மீட்டர் சரிபார்ப்புக்காகத் திருச்சி போயிருந்தது. தொட்டியின் மூடியைத் திறந்துவிட்டு, பூமாலையும் கூட வேலை செய்யும் உத்திராபதியும் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்தார்கள். அது அவர்கள் வழக்கம். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். டீ முடிவதற்குள் அது நின்றுவிட்டால் இறங்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

"என்ன மேடம், போர்டு வைக்கிறீங்களாமே? என் போட்டோவும் போடுங்க," என்றார் பூமாலை.

"ஒன் மூஞ்சியப் பாத்தா வாயு தானா ஓடிரும்ணே," என்றார் உத்திராபதி.

"நீ போயி கயிறு எடுத்துட்டு வா. பேச்சுக்கு மட்டும் கொறைச்சல் இல்ல."

நான் அளவெடுத்துவிட்டு ஆபீஸுக்கு

(இந்த வாக்கியத்தை ஐந்து தடவை எழுதினேன். ஐந்து தடவையும் இந்த இடத்தில் பேனா நிற்கிறது.)

4

நோட்டின் ஏழாம் பக்கத்தில் இது இருக்கிறது, அடிக்கோடு போட்டு: "இந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றால் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள்." அன்றைக்கு நான்கு நாள் முன்பே எழுதிவிட்டேன். போர்டு இன்னும் அச்சாகவில்லை.

கதைக்கு எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) மீட்டர் ஒரு நாள் முன்னதாகத் திருச்சியிலிருந்து வந்துவிடுகிறது.

ஆ) உத்திராபதி கயிறோடு வரும்வரை பூமாலை காத்திருக்கிறார். போர்டில் அவர் படம் சிரிக்கிறது.

இ) "பயிற்சி அளித்தும் தொழிலாளியின் கவனக்குறைவால்" என்று அறிக்கை முடிகிறது. எல்லோரும் சாப்பிடப் போகிறார்கள்.

கடைசியை நான் கற்பனை செய்யவில்லை. அந்த அறிக்கை என் மேசையில் இருக்கிறது. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

5

இன்று கல்லங்குறிச்சியிலிருந்து பஸ் பிடித்து மருதாயி வந்தார், பூமாலையின் மனைவி. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"குடிச்சிட்டு எறங்கியிருப்பான்னு ஊருல பேசுறாங்க பாப்பா. அவரு தொட மாட்டாரு. இங்க வந்தா கவனக்கொறைவுங்கிறாங்க. பத்தொம்பது வருசம் எறங்குன மனுசனுக்கு அன்னைக்கு மட்டும் என்ன கவனக்கொறைவு? நீங்க படிச்சவுங்க. சொல்லுங்க."

"அவருக்கு ஆறுதலாக ஒரு" (வேண்டாம்.)

"விசாரணை நடந்துகொண்டிருக்" (வேண்டாம்.)

என் பதிலைக் கேட்ட பிறகு மருதாயி என்ன செய்தார் என்பதை எழுத மாட்டேன். அது அவருடையது. நீங்கள் அவர் இடத்தில் நின்று பாருங்கள். நான் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

"அக்கா, உத்திராபதி அண்ணன் கயிறு எடுக்கப் போயிருந்தாங்க. நான் ஆபீஸுக்குப் போகல. அங்கதான் நின்னேன். 'நாத்தம் அடங்கிருச்சு, எறங்கலாம்ல மேடம்'னு அவரு என்னயத்தான் கேட்டாரு. எறங்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்க்கா. நான் தலையாட்டினேன்."