எங்க ஊர் ரேட்டு

1

இந்தக் கதை ஒரு கடிதத்தால் வந்தது. கடிதத்தை எழுதியது நான், ஞானபூரணி. விஸ்வநத்தத்தில் குடியிருந்துகொண்டு சிவகாசிப் பள்ளியொன்றில் ஆங்கிலம் எடுக்கிறவள். ஒரு பிழையும் இல்லாத கடிதம். அது எதிர்வீட்டுப் பொன்மணியின் கடையைப் பூட்டிவிட்டது.

இன்று மாலை ஆறு மணிக்குள் இரண்டாவது கடிதம் போயாக வேண்டும். இப்போது நாலேகால். அதை எழுதாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன்: பயமாக இருக்கிறது.

2

நான் யோசித்த தொடக்கங்கள்:

"2009 செப்டம்பரில், எட்டுக் கம்ப்யூட்டர் வைத்து கேம் சென்டர் நடத்திவந்த ஒரு பெண்—" (செய்தித்தாள் வாடை அடிக்கிறது. விட்டேன்.)

"பொன்மணி எதற்கும் அஞ்சாதவள்." (சுத்தப் பொய். எவர்சில்வர் தம்ளர் கீழே விழுந்தால் வாசலுக்கு ஓடிவிடுவாள்.)

ஒன்பது வருஷம் ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசு ஆபீஸில் வெடிமருந்து செலுத்தியவள் அவள். ஆலையை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஒருநாள் தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது அவளும் இன்னும் மூன்று பேரும் உட்கார்ந்து வேலை செய்த அறை இருந்த இடத்தில்—

(இதற்கு மேல் அவள் என்னிடம் சொன்னதில்லை. நானாகக் கற்பனை செய்து எழுத மாட்டேன்.)

மறுவாரமே சங்கிலியை விற்றுக் கடை போட்டாள். தீபாவளி முடிந்தால் ஆபீஸ்களெல்லாம் ஒரு மாசம் அடைத்துக் கிடக்கும். போனஸ் வாங்கிய இளவட்டங்களுக்குப் போக்கிடம் கிடையாது, எட்டுக் கம்ப்யூட்டர் முன்னாலும் கூட்டம் நிற்கும். அதுதான் அவளுக்கு சீசன். அது போனால் மறுபடி மருந்து அறைதான்.

3

மற்ற கடைகளில் திருட்டு சிடி போட்டு ஓட்டுவார்கள். போலீஸ் வரும் என்று பொன்மணிக்குப் பயம், அதனால் இன்டர்நெட்டில் காசு கொடுத்தே வாங்கினாள். இங்கிருந்து வாங்கினால் ஒவ்வொரு விளையாட்டும் நாற்பத்தொன்பது டாலர். அதே விளையாட்டு ரஷ்யாக்காரனுக்குப் பதினெட்டு. லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் காளிராஜ் எங்கேயோ பிடித்து, விளையாட்டைத் திறக்கிற ரகசிய நம்பர்களை ரஷ்ய நம்பர்களாகவே வாங்கிக் கொடுத்தான். இப்படிப் பதினோரு விளையாட்டு, எல்லாம் விளையாட்டு விற்கும் கம்பெனியில் அவள் பெயரிலிருந்த ஒரே கணக்கில். அந்தக் கணக்கு நின்றால் எட்டுக் கம்ப்யூட்டரும் நின்றுவிடும்.

(கம்பெனியின் பெயரை நான் எழுதவில்லை. முதல் வரைவில் எழுதியிருந்தேன். இந்தக் கதையையும் வந்து பூட்டிவிடுவார்களோ என்று தோன்றியது, அடித்துவிட்டேன். சிரிக்காதீர்கள்.)

4

இப்போது நாங்கள் செய்த தப்பு.

பட்டாசுப் பெட்டியில் அச்சடித்த விலையை எங்கள் ஊரில் யாரும் கொடுத்ததில்லை. ஒரே பெட்டி, ஒரே மருந்து. வடக்கே போனால் ஒரு விலை, உள்ளூருக்கு ஒரு விலை. வாங்க வருகிற வியாபாரி அடுத்த ஊர்க்காரனின் பில்லைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார், இவருக்குப் போட்டதையே எனக்கும் போடுங்கள் என்பார். முதலாளி கோபப்பட மாட்டார். டீ சொல்லிவிட்டுப் பேனாவை எடுப்பார். பில்லைக் காட்டுவதுதான் இங்கே நேர்மை.

பன்னிரண்டாவது விளையாட்டுக்குப் பொன்மணி காளிராஜை நம்பியிருக்க விரும்பவில்லை. நேரே கம்பெனிக்கே எழுதி எங்கள் ஊர் ரேட்டைக் கேட்டுவிடலாம் என்று என்னிடம் வந்தாள். நானும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ரஷ்யாவுக்கு இந்த விலைக்குக் கொடுத்திருக்கிறீர்கள், ஆதாரம் இணைத்துள்ளோம், சிவகாசிக்கும் அதையே போட்டுத் தரவும். பதினோரு நம்பரையும் வரிசையாகத் தட்டி, என் மெயிலிலிருந்து அனுப்பினேன். படித்த முட்டாள்!

நாலே வரியில் பதில் வந்தது, கீழே ஆள் பெயர்கூட இல்லை. ரஷ்ய நம்பர்கள் ரஷ்யாவில் இருப்பவர்களுக்கு மட்டுமே, கணக்கை நிறுத்திவைத்திருக்கிறோம், எழுபத்திரண்டு மணி நேரத்தில் ரஷ்யாவில் குடியிருப்பதற்கு அத்தாட்சி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் எல்லா விளையாட்டும் அழிக்கப்படும்.

இந்த விளையாட்டு என்ன, பட்டாசா? மருந்து இல்லை, அட்டை இல்லை, லாரி வாடகை இல்லை, சாக வேண்டிய ஆளும் இல்லை. ஒரே கம்பி வழியாகத்தான் ரஷ்யாவுக்கும் போகிறது, விஸ்வநத்தத்துக்கும் வருகிறது. எந்த ஊரில் எம்புட்டுக் கறக்கலாம் என்று பார்த்து விலை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கூலி மலிவான நாடு தேடி அவர்கள் போனால் அது வியாபாரமாம். விலை மலிவான நாடு தேடி இவள் போனால் மட்டும் குற்றமாம்.

(கோபமாக எழுதினால் பயம் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.)

5

காளிராஜ் ஒரு வழி சொன்னான். ரஷ்யக் கரண்ட் பில் ஒன்று அச்சடித்துத் தருகிறானாம். இந்த ஊரில் அடிக்க முடியாத தாள் உண்டா என்கிறான். பொன்மணி ரஷ்யாவிலேயே குடியிருக்கிறவள், சிவகாசிக்குப் பட்டாசு வாங்க வந்தவள் என்று நான் எழுத வேண்டுமாம். பழைய மெயிலிலிருந்துதான் போக வேண்டும், அதாவது என் பெயரில்.

இந்தப் பகுதியின் முதல் வரைவில், "அவளை நினைத்துத்தான் எனக்குப் பயம்" என்று எழுதியிருந்தேன். பொய். பிடிபட்டால் என் வேலை போய்விடும். அதுதான் பயம்.

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: பொய்த் தாளை அனுப்புகிறேன், நம்பிவிடுகிறார்கள். கடையில் கூட்டம். நான் மட்டும் ஒவ்வொரு மெயிலையும் திறக்க அஞ்சிக்கொண்டு கிடக்கிறேன்.

இரண்டு: நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அங்கே ஒரு மனிதர் அதைப் படித்து இரங்கி— (எனக்கே நம்பிக்கை இல்லை.)

மூன்று: எதுவும் எழுதாமல் இருக்கிறேன். ஆறு மணி ஆகிவிடுகிறது.

6

ஐந்து இருபது. பொன்மணி வந்துவிட்டாள்.

எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நான் கடிதம் எழுதுகிறேன் என்று நினைத்து, தொந்தரவு பண்ணாமல் மூச்சைக்கூட மெல்ல விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, எழுதிட்டீகளா டீச்சர் என்றாள். பேனாவைக் கீழே வைத்தேன். தாள்களைத் தன் பக்கம் இழுத்தாள். கடிதம் ஏன் தமிழில் இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை போல, என் முகத்தைப் பார்த்தாள். பிறகு விரலால் வரி பிடித்து ஐந்தாம் பகுதிவரை படித்தாள்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்களுக்கும் பயந்தானா டீச்சர்," என்றாள். "நாளைக்குக் காலைல ஏழாயிரம்பண்ண ஆபீஸ் வேன் வரும். டிரைவர் ராக்கப்பண்ணன் ஆளு எடுக்காரு. எனக்கு எடம் போடச் சொல்லவா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க. நான் வேற ஒண்ணுங் கேக்கல."

சொல்லிவிட்டுத் தாள்களைத் திருப்பி வைத்தாள். நான் இந்த வரியை எழுதுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள்.

ஐந்து நாற்பது. வாசகரே, அவளுக்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியவில்லை, முடிவை உங்களிடமே விடுகிறேன் என்று எழுதி எழுந்துவிடத்தான் இருந்தேன். அதுவும் பொய். தெரியும். வாய் வரவில்லை.

கீழே இடம் விட்டிருக்கிறேன். அவளுக்கான பதிலை நீங்கள் எழுதுங்கள். ஆனால் எழுதிவிட்டு, அடியில் உங்கள் பெயரைப் போடுங்கள். அதையும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு போடுங்கள்.

………………………………