ஒப்பிட ஒரு குளிரறை

...வித்தியாசம் இல்லை, இரண்டு அறைகளுக்கும் வித்தியாசம் இல்லை, இதை எந்தக் குரலில் சொல்வது, தலையை நிமிர்த்தியா, தொண்டையைச் செருமிக்கொண்டா... ரோப் கார் எல் ஆல்தோ நிலையத்தை விட்டு ஒரு குலுக்கலோடு வெளியே வந்து பள்ளத்தின் மேல் தொங்கியது, கீழே லா பாஸ் நகரம் செங்கல் நிறத்தில் சரிந்து கிடந்தது, செனோபியா அதைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த பையைத்தான் இறுக்கிப் பிடித்திருந்தாள். பைக்குள் அவளுடைய ஆய்வு, அட்டை போட்டு, பொன்னெழுத்தில் பெயர் பொறித்து. சந்தையில் உருளைக்கிழங்கு விற்றவளின் மகள் பெயர் பொன்னெழுத்தில்! எழுத்தைச் சின்னதாகப் போடட்டுமா என்று கடைக்காரன் கேட்டபோது பெரிசாவே போடுங்க என்றாளே, அது அகம்பாவமா? இருக்கட்டுமே. பிரசவ வார்டில் இதுவரை கேள்வி கேட்டவர்கள் எல்லாம் டாக்டர்கள், சொன்னதைச் செய்துதான் நர்சுகளுக்குப் பழக்கம், இப்போது ஒரு நர்ஸ் கேள்வி கேட்டிருக்கிறாள், பதில்தான்... பதில்தான் காலை வாரிவிட்டது. பக்கத்தில் விதாலியா, அதே வார்டில் உதவியாளர், கோட்டுப் பை புடைக்க வண்ணக் காகிதத் துணுக்குகளோடு உட்கார்ந்திருந்தாள். தேர்வுக் குழுவின் முன் ஆய்வைச் சொல்லித் தேறி வெளியே வருகிறவர்களின் தலையில் கொட்டுவதற்கு. தோற்றுவிட்டால் என்னடி செய்வாய் என்று வழியில் கேட்டதற்கு, "தோத்தாலும் கொட்டுவேன், காசு குடுத்து வாங்கியாச்சு" என்றாள்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது? ஓடிப்போனவர்களிடமிருந்து. பிள்ளை பெற்ற ஈரம் காயுமுன்னே பெண்கள் பின்வாசல் வழியாக வீட்டுக்கு ஓடினார்கள், முதுகு திறந்த ஆஸ்பத்திரி அங்கியும் இரும்புக் கட்டிலும் சில்லிட்ட தரையும் யாருக்கு ஒத்துக்கொள்ளும், பெத்த உடம்புல குளிர் புகுந்தா சாகுற வரைக்கும் போகாது நர்ஸம்மா என்று சொல்லிவிட்டு ஓடினார்கள், டாக்டர்கள் சிரித்தார்கள், அவளும் கொஞ்ச நாள் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு ஒருநாள் நின்றுபோய் கேள்வியாக நின்றது. பேராசிரியை ஓர்தென்சியா அந்தக் கேள்வியை வாங்கி, கிழங்கின் தோலைச் சீவுவதுபோலச் சீவித்தள்ளினார், குளிர் உள்ளே புகுகிறது என்கிறார்களே, அதை எதை வைத்து அளப்பாய்? நடுக்கம், உடம்புச் சூடு, குழந்தை எப்போது முதன்முதலாக மார்பைப் பிடித்தது... சரி, அளக்கலாம். ஓர் அறையில் கம்பளி, தலைக்கட்டு, வெந்நீர் நிரப்பிய பாட்டில், சூடான ஆட்டுச் சாறு. மற்ற அறையில் வழக்கமான கவனிப்பு. அந்த மற்ற அறை எதற்கு, எல்லாருக்கும் கம்பளி கொடுத்துவிடலாமே என்று அவள் கேட்டதற்கு, "ஒப்பிட ஆள் இல்லேன்னா அது ஆய்வு இல்லம்மா, உன் ஆசை" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இன்னொரு முறை படிப்பில் சேரலாம். யார் எந்த அறைக்கு என்பதை அவள் தீர்மானிக்கக் கூடாது, அவள் தீர்மானித்தால் ஒடிசலாக இருப்பவளைப் பார்த்து மனசு கம்பளிப் பக்கம் சாயும், அதனால் துணி மூடிய கிண்ணத்தில் கறுப்பு அவரையும் வெள்ளை அவரையும், தாயே கைவிட்டு எடுக்கட்டும், கறுப்பு வந்தால் கம்பளி. அதற்கும் முன்னால் சம்மதம், தாளில் மை தொட்டுக் கைநாட்டு. வேண்டாம்னு சொன்னாலும் யாரும் கோபிக்க மாட்டோம், கவனிப்புல ஒரு குறையும் வராது... இதைச் சொன்னபோது பிரிமித்திவா என்ற அந்தப் பெண், மூன்றாவது பிள்ளை வயிற்றில், கண்ணை அகல விரித்தாள். "நெசமாவே வேண்டாம்னு சொல்லலாமா? அப்ப வேண்டாம்." செனோபியா தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தபோது, "ஏய் நர்ஸம்மா, திரும்பி வா, சேத்துக்கோ! சும்மா சொல்லிப் பாத்தேன், வாய்க்கு எப்படி இருக்குன்னு." எத்தனை பிறவிகளாக அந்த வாய் அதைச் சொல்லாமல் இருந்ததோ. மார்பு விம்மியது அன்றைக்கு, இன்றைக்கும் விம்முகிறது.

அப்புறம் ஏன் இப்படி ஆயிற்று? மழைக்காலத்தில் வித்தியாசம் பளிச்சென்று இருந்தது, கம்பளி அறையில் நடுக்கம் குறைவு, குழந்தைகள் சீக்கிரமே பால் குடித்தன, ஆஸ்பத்திரி இயக்குநர்கூட வார்டுக்கு வந்து பார்த்துவிட்டு, முடிவு நல்லா வந்தா எல்லா அறைக்கும் குடுத்துடலாம், வரலேன்னா இதையும் மூடிடலாம் என்றார். பனிக்காலம் வந்தது, குளிர் கூடக் கூட வித்தியாசமும் கூட வேண்டும், கூடவில்லை, தேய்ந்து தேய்ந்து காணாமல் போனது. பேராசிரியையே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கம்பளி அறை கெட்டுப்போகவில்லை, வெள்ளை அவரை அறைதான் தேறிக்கொண்டே வந்தது, எப்படி? எதைத் தின்று? செனோபியா தன்னை அறியாமல் உரக்கவே கேட்டுவிட்டாள் போல, விதாலியா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் காதுமடல் சிவந்தது. எதற்காக இவள் காது சிவக்கிறது?

"ஏன்டி, உனக்கு ஏதாவது தெரியுமா?" "திட்டக் கூடாது." "சொல்லு முதல்ல." "பாதிப் போர்வை அந்தப் பக்கம் போச்சு. சாறும்தான்." பனிக்காலம் தொடங்கியதும் பிரிமித்திவா ஆரம்பித்து வைத்தாளாம், கறுப்பு அவரை எடுத்தவள், சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி பல்லு கிட்டிக் கிடக்கிறாள், நான் மட்டும் எப்படிப் போர்த்திக்கொண்டு சாறு குடிப்பது, தொண்டையில் இறங்குமா என்று கேட்டாளாம். அவள் வீட்டுக்குப் போன பிறகும் அடுத்து வந்தவள், அதற்கடுத்து வந்தவள், அது அந்த அறையின் சட்டமாகவே ஆகிவிட்டதாம். "தூக்கிட்டுப் போனது நான். நீ அளக்க வர்றதுக்குள்ள எல்லாத்தையும் திரும்ப வாங்கி மடிச்சு வெச்சுடுவோம். உன் ஆராய்ச்சி கெட்டுடக் கூடாதில்ல?" கெட்டுடக் கூடாதா! அளக்கும்போது கட்டிலில் கம்பளி இல்லாவிட்டால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள், உடம்பு சூட்டை வைத்துக்கொள்ளும் என்று தெரியாமல், ஏதோ விருந்தாளி வருவதற்குமுன் வீட்டைக் கூட்டுவதுபோல, அவளுக்காக, அவள்மேல் இருந்த பிரியத்தினால்... "ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?" "நீ கேக்கலையே. பால் குடிச்சுதா, நடுங்குதா, எத்தனை தடவ கேட்ட. குடுத்தியான்னு ஒரு நாளும் கேக்கல."

இவள் கழுத்தை நெரிக்கலாமா. ரோப் கார் ஒரு கம்பத்தைத் தாண்டிக் குலுங்கியது. இப்போது என்ன செய்வது? பனிக்காலத்துக் கணக்கை விட்டுவிட்டு மழைக்காலத்தை மட்டும் சொன்னால்... யாருக்குத் தெரியும்? நல்ல முடிவு, பட்டம், எல்லா அறைக்கும் கம்பளி, காகிதத் துணுக்கு. ஒரு நல்ல காரியத்துக்காகக் கொஞ்சம் வெட்டினால் பாவமா? அட்டைக்குள் அச்சடித்திருப்பதை அப்படியே படிக்கலாம், வித்தியாசம் இல்லை என்று, கம்பளி அறைக்குப் பூட்டு விழும். அதுவும் பொய்தான், இனிமேல் தெரிந்தே சொல்கிற பொய். வேண்டாம்னு சொல்லலாம் என்று சொன்னவள் நீ, உன் வாயிலிருந்து வந்ததை நம்பி அவர்கள் விரலை மையில் வைத்தார்கள், அந்த விரல்களில் எவற்றை இப்போது கணக்கிலிருந்து வெட்டுவாய் செனோபியா? எழுந்து நின்று சொல்லிவிடு. என் ஆய்வு உடைந்துபோனது ஐயா, பனிக்காலத்தில் உடைந்தது, உடைத்தது இன்னின்னார், இப்படித்தான் உடைத்தார்கள், மழைக்காலத்தில் கிடைத்தது இது, பனிக்காலத்தில் கிடைத்தது இது, இரண்டையும் வைக்கிறேன், நீங்களே பாருங்கள். தோற்கடித்தால் தோற்கடிக்கட்டும். கோபம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தாள், இருந்த இடத்தில் வேறு ஏதோ சூடாக உட்கார்ந்திருந்தது, பொன்னெழுத்தைப் பார்க்கும்போது வருவதைவிடப் பெரியது, என் வார்டு, என் பெண்கள், தையல் ஆறுமுன்னே ஒருத்திக்கு ஒருத்தி போர்வை அனுப்பினவர்கள்... உலகத்தில் எந்த ஆய்வாவது இத்தனை அழகாகக் கெட்டுப்போயிருக்குமா?

"என்னடி, அழறியா சிரிக்கிறியா?" என்றாள் விதாலியா. தெரியவில்லை, அவளுக்கே தெரியவில்லை. நிலையத்தின் கூரை நெருங்கி வந்தது, தேர்வுக் குழு என்ன கேட்கும் என்று இப்போதே காதில் விழுந்தது, சரிம்மா, மறுபடியும் செய், இந்தத் தடவை ஒப்பிட ஓர் அறையைச் சரியாகக் காவல் காத்துச் செய்... காவலா? யாரை நிறுத்துவது, விதாலியாவையா? ஒப்பிடுவதற்கு, குளிரில் தனியாக விடப்பட்ட ஒருத்தி வேண்டும், பக்கத்துப் பெண் எட்டிப் பார்க்காத ஒருத்தி, அப்படி ஒருத்தியை இந்த ஊரில் எங்கே போய்த் தேடுவது? கதவு திறந்தது, எழுந்திருக்கப் பையைத் தூக்கினாள், முழங்காலிலிருந்து ஏதோ வழுக்கியது. விதாலியாவின் சால்வை, மறுபாதி இன்னும் விதாலியாவின் மடியில். மேலே நிலையத்தில் ஏறும்போது இல்லையே, எப்போது போர்த்தினாள், நடுங்கிக்கொண்டா இருந்தோம்... எப்போதிலிருந்து?