மூன்றாம் தேதி முத்திரை

அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நகராட்சித் தணிக்கை அலுவலகத்தின் தலைவர், அவருடைய வேலையைச் சோதிக்கப் பக்கத்து நகரத் தணிக்கை அலுவலகத்திலிருந்து வந்திருந்தவர், எது நடந்தாலும் காதில் விழாததுபோல் உட்காரத் தெரிந்த தட்டச்சர், மூத்த தணிக்கையாளர் என்ற பெயரில் பத்து வருடமாக அங்கே குப்பை கொட்டிக்கொண்டிருந்த அவள்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஒருவர் வருவார். ஊரையெல்லாம் சோதிக்கிறவர்களை யார் சோதிப்பது என்பதற்காக வந்த ஏற்பாடு. ஐந்து கோப்புகளை உருவி, ஒவ்வொரு தாளையும் தலைவர் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரா என்று பார்ப்பார். தனக்குத் தொந்தரவு தரும் வரிகளைத் தவிரத் தலைவர் எதையும் படித்ததில்லை. ஆள் வருகிறார் என்று கடிதம் வந்த பிறகு, போன வாரம் ஒரே மூச்சில் இருநூறு தாள்களுக்குக் கையெழுத்துப் போட்டுப் பழைய தேதியில் முத்திரை குத்தித் தள்ளியிருந்தார்.

உருவிய ஐந்தில் அவளுடைய கோப்பும் ஒன்று. பள்ளிக்கூடக் குடிநீர்த் தொட்டி. சில மாதங்களுக்கு முன், ஒரு பத்தொன்பதாம் தேதி ஏணி வைத்து ஏறி மூடியைத் தூக்கினாள். உள்ளே ஒரு புறா ஊறிக் கிடந்தது, இறகு தனியாக, தோல் தனியாக. பார்த்ததை எழுதிக் கொடுத்தாள். தலைவர் அறிக்கையில் அந்தப் பத்தியை விட்டுவிட்டு, 'பின்னர் சரிசெய்யப்பட்டது' என்று எழுதிவிட்டார். யாரும் போய்ப் பார்க்கவில்லை. போன மாதம் அவளே மறுபடி ஏறிப் பார்த்தாள். அதே நாற்றம். கீழே குழாயடியில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இந்தக் கோப்பு சரியில்லை என்று வந்தவர் ஒரு வரி எழுதினால் போதும், அறிக்கையைத் திரும்பத் திறந்தாக வேண்டும்.

வந்தவர் அந்தத் தாளில் விரலை வைத்தார்.

"பத்தொம்பதாம் தேதி எழுதின தாள். நீங்க அதே மாசம் மூணாம் தேதியே படிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஜோசியமும் பாப்பீங்களா சார்?"

முத்திரையில் தேதி மாற்றும் சக்கரத்தைத் திருப்ப மறந்திருந்தார் தலைவர். இருநூறு தாள்களிலும் அதே மூன்றாம் தேதி. வந்தவரும் தலைவரும் சிரித்தார்கள்.

"அதுல இருக்கற புறாவப் படிச்சீங்களா சார்?" என்றாள் அவள்.

"படிச்சேம்மா. பாவம்." வந்தவர் கோப்பை மூடி எழுந்தார். "நான் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன் சார். அரை மணி நேரம் ஆகும். தேதியெல்லாம் ஒழுங்கா இருக்கட்டும். அடுத்த வருஷம் நீங்கதான எங்க ஆபீசுக்கு வரணும்."



தலைவர் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "புதுசா எழுதிக் குடுங்கம்மா. புறாவெல்லாம் வேணாம். தொட்டி சுத்தமா இருக்குன்னு ஒரு வரி போதும்."

"என் கையால எழுத மாட்டேன் சார்."

"அப்ப டைப்பிஸ்ட் அடிச்சுக்குவார். நீ வெளிய நில்லு."

தட்டச்சர் விரல்களைச் சொடுக்கிக்கொண்டார். அவள் கோப்பைத் திறந்து தன் தாளை உருவினாள்.

"எடுத்துட்டுப் போ. கிழிக்கிற வேலை மிச்சம்" என்றார் தலைவர்.

வெளியே நடைவழியில், வந்தவர் சுவரில் சாய்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள முடிஞ்சுதாம்மா?"

அவள் தாளை நீட்டினாள். அவருடைய ஒரு கையில் டீ இருந்தது. இன்னொரு கை மெதுவாகக் கால்சட்டைப் பைக்குள் போனது. அவள் நீட்டியபடியே நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டு, உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.