தெற்கு வரவில்லை

வீடு வாங்குகிறவர்களுக்கு விலை பேசுவதெல்லாம் ஒரு வேலையே இல்லை. வில்லங்கம் பார்ப்பது, வங்கிக்கு நடையாய் நடப்பது, அதுவும் எப்படியோ முடிந்துவிடும். நான்கு எல்லைகளையும் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டி வருவதுதான் பெரும்பாடு. பத்திரத்தில் எழுதினால் மட்டும் ஆச்சா? எல்லைகள் நேரில் வந்து நிற்க வேண்டும்.

கோகிலம் அதுவரைக்கும் வந்துவிட்டாள். வீடும் வந்திருந்தது. வெளியே ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில், கதவைச் சாத்திக்கொண்டு நின்றது. பாவம், நல்ல வெயில்.

முதலில் வந்தது கிழக்கு. அந்தோணி வீட்டு மதில்சுவர் அது. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததாம், ஒருத்தரும் எழுந்து இடம் கொடுக்கவில்லையாம். வடக்கே இருந்த பொதுச்சந்து தன்னைப் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கியது. மேற்கே இருந்த கிணறு ஒரு சொட்டு சிந்தாமல் படியேறியது. "ஐயோ, எனக்காகவா இவ்வளவு சிரமம்!" என்று கோகிலம் உருகிப்போய் மூன்றுக்கும் மோர் வாங்கிக் கொடுத்தாள். கிணறு மட்டும் வேண்டாம் என்றது.

தெற்கு வரவில்லை.

"தெற்கு மக வீட்டுக்கு மஸ்கட் போயிருக்கும்மா," என்றார் புரோக்கர் சவரிமுத்து. "பேரப்பிள்ளை பொறந்திருக்கு. வர ஆறு மாசம் ஆகும்."

சார்பதிவாளர் அம்மா பேனாவை மூடினார். "தெற்கு இல்லாமப் பதிய முடியாதும்மா."

"ஏம்மா?"

"வீடு நிக்காது. அந்தப் பக்கமாப் போய்க்கிட்டே இருக்கும். போன மாசம் ஒருத்தர் சமையல்கட்டுக்குத் தண்ணி குடிக்கப் போனார். இன்னும் வரல."

"இன்னிக்கு விட்டா?"

"வேற ஆளோட போயிடும்."

புருஷன் போன பிறகு ஒற்றைப் பொம்பளையாக எத்தனை வாடகை வீடு! ஆணி அடிக்காதே, ஆளைச் சேர்க்காதே, அடுத்த மாசம் காலி பண்ணு. கோகிலம் ஜன்னல் வழியே பார்த்தாள். வீடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

மூலையில் பெஞ்சில் அவளுடைய ஹவுஸ் ஓனர் தெய்வானையம்மாள் உட்கார்ந்திருந்தார். பழைய வீட்டுச் சாவியை வாங்கிப்போக வந்தவர். தண்ணீர் மோட்டாரைச் சொல்லி கோகிலத்தோடு தினம் ஒரு சண்டை போடாவிட்டால் மகராசிக்குச் சோறு இறங்காது.

"தெற்கா நான் நிக்கிறேன்," என்றார் அவர்.

"பதிஞ்ச பிறகு எல்லை நகரக் கூடாது," என்றார் சார்பதிவாளர்.

"உக்காரலாமா?"

"தாராளமா."

"அம்மா, உங்க வீடு?" என்றாள் கோகிலம்.

"அது பாட்டுக்குக் கிடக்கும். நீ போயிட்டா அங்க நான் யாரோடடி சண்டை போடுவேன்? போட்டுத் தொலை கையெழுத்தை."

கோகிலம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். "உங்களுக்கு நான் என்னம்மா செய்வேன்!"

"மொதல்ல மூக்கைத் துடை."

சாயங்காலம் வீட்டை அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். சுவர் நின்றது, சந்து விரித்துப் படுத்தது, கிணறு இறங்கிக்கொண்டது. தெய்வானையம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெற்கே உட்கார்ந்தார். வீடு மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தது. அவர் ஒரு முறை முறைத்தார். அப்படியே நின்றுவிட்டது.

பால் பொங்கியது. சாமிக்குக்கூட வைக்காமல் கோகிலம் முதல் டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

தெற்கு ஒரு வாய் குடித்தது.

"சர்க்கரை பத்தல," என்றது.